நாள் யாருடையது?

வானொலியில் ஒலிபரப்பான திருவருகைக் காலச் சிந்தனை



திருவருகைக் கால மலர் வளையத்தில் முதல் மெழுகுதிரியை நாம் ஏற்றுகிற வாரத்திலேயே, நம் கைப்பேசிகளுக்கு ஒரு செய்தியும் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேர்கிறது. கிறிஸ்து எந்த நாளில் பிறந்தார் என்று விவிலியம் சொல்லவில்லை. டிசம்பர் 25 சூரியக் கடவுளின் நாள். உரோமையரின் களியாட்டத்துக்குத்தான் கிறிஸ்துமஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே மெய்யான விசுவாசி இதைக் கொண்டாடக் கூடாது. இதுதான் அந்தச் செய்தி.

நம்மில் பலர் அதைப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். சில வீடுகளில் அப்படிக் கடந்துபோக முடிவதில்லை. வேறு சபைக்குப் போன மகள் கிறிஸ்துமஸுக்குத் தாய்வீட்டுக்கு வருவதில்லை. கொடுத்தனுப்பிய பலகாரம் தொடப்படாமல் திரும்பி வருகிறது. தாய் அழுகிறாள். மகளோ தன் மனச்சான்றுக்கு உண்மையாக இருப்பதாக நம்புகிறாள். மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள், "ஃபாதர், அது உண்மைதானா?" என்று நேராகவே கேட்கிறார்கள்.

கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்பது பதில் ஆகாது. எனவே இன்று கொஞ்சம் வரலாற்றுக்குள் போய்வருவோம்.

உரோமையின் டிசம்பர்

உரோமை நகரின் பழைய பொதுவெளியில் இன்றும் எட்டுக் கல்தூண்கள் நிற்கின்றன. சாட்டர்ன் என்ற தெய்வத்துக்குக் கட்டப்பட்ட கோவிலின் எச்சம் அது. விதைப்புக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வமாக உரோமையர் சாட்டர்னை வணங்கினார்கள். விதைப்பு முடிந்த குளிர்காலத்தில், டிசம்பர் 17 அன்று, அவருக்கு விழா எடுத்தார்கள். அதன் பெயர் சாட்டர்னாலியா. ஒரு நாள் விழாவாக இருந்தது காலப்போக்கில் ஏறக்குறைய ஒரு வாரமாக நீண்டது.

அந்த நாள்களில் நீதிமன்றங்களும் பள்ளிகளும் மூடப்பட்டன. மதிப்புக்குரிய மேலாடையைக் கழற்றிவைத்துவிட்டு எல்லாரும் எளிய உடையில் திரிந்தார்கள். மற்ற நாள்களில் தடைசெய்யப்பட்ட சூதாட்டம் அப்போது வெளிப்படையாக நடந்தது. மெழுகுதிரிகளையும் சிறு மண்பொம்மைகளையும் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்தார்கள். குடிப்பதற்கும் கூச்சலுக்கும் குறைவில்லை. டிசம்பர் வந்தாலே நகரம் முழுவதும் நிலைகொள்ளாமல் ஆகிவிடுகிறது என்று முதல் நூற்றாண்டின் மெய்யியலார் செனெக்கா தம் கடிதம் ஒன்றில் குறைபட்டுக்கொள்கிறார்.

இந்த விழாவில் நாம் கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. அந்த நாள்களில் அடிமைகள் தங்கள் எசமானர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். சில வீடுகளில் எசமானரே அடிமைக்குப் பரிமாறினார். விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாவை எசமானரும் அணிந்துகொண்டார். விழா முடிந்த மறுநாள் அடிமை மீண்டும் அடிமை. ஆயினும், ஆண்டில் சில நாள்களாவது எல்லாரும் சமமாக உட்கார வேண்டும் என்ற ஏக்கம் கிறிஸ்துவை அறியாத அந்த மக்களிடமும் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது?

சாட்டர்னாலியா டிசம்பர் 17இல் தொடங்கி 23 அளவில் முடிந்துவிடும். ஆகவே அது கிறிஸ்து பிறப்பு விழாவின் நாள் அன்று. டிசம்பர் 25 பற்றிய பேச்சு வேறொரு வழிபாட்டிலிருந்து வருகிறது. 274ஆம் ஆண்டில் அவுரேலியன் என்ற பேரரசர் 'வெல்லப்படாத சூரியன்' என்ற தெய்வத்துக்கு உரோமையில் பெரிய கோவில் ஒன்றை அர்ப்பணித்தார். யூலியுஸ் சீசர் வகுத்த நாள்காட்டிப்படி, பகல் மிகக் குறுகி, மீண்டும் வளரத் தொடங்கும் நாளாக டிசம்பர் 25 கருதப்பட்டது. சூரியனின் பிறந்தநாளாக அதைக் கொள்வது இயல்பாகத் தோன்றியிருக்கும். அவுரேலியன் அந்தக் கோவிலை டிசம்பர் 25 அன்றுதான் அர்ப்பணித்தார் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் அது பிற்காலத்தார் ஊகித்துச் சொன்னது. அக்காலப் பதிவு எதிலும் நேரடியாக இல்லை.

இனி ஒரு நூலைப் பார்ப்போம். 354ஆம் ஆண்டில் உரோமையில் வாலந்தீனுஸ் என்ற செல்வந்தக் கிறிஸ்தவருக்காக ஓர் அழகிய நாள்காட்டித் தொகுப்பு எழுதப்பட்டது. அதில் நகரத்தின் விழா நாள்கள் இருக்கின்றன. உரோமை ஆயர்களின் பட்டியலும், மறைச்சாட்சிகளின் நினைவுநாள் பட்டியலும் இருக்கின்றன. நகர விழாக்களின் பகுதியில் டிசம்பர் 25க்கு நேரே 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள்' என்றும், அன்று முப்பது தேர்ப் பந்தயங்கள் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. மறைச்சாட்சிகளின் பட்டியலோ அதே நாளில் கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்று தொடங்குகிறது. இந்தப் பட்டியல் 336 அளவிலேயே தொகுக்கப்பட்டது என்பது அறிஞர் கருத்து. டிசம்பர் 25 அன்று சூரியனுக்கு விழா என்பதற்கும், அதே நாளில் கிறிஸ்து பிறப்பு என்பதற்கும் நம் கையில் இருக்கும் மிகப் பழைய தெளிவான சான்றுகள் இந்த ஒரே நூலுக்குள்தான் இருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை இந்நூலைக் கொண்டு முடிவுகட்ட இயலாது.

வேறொரு விளக்கமும் உண்டு. 200ஆம் ஆண்டையொட்டி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள் மார்ச் 25 என்று எழுதினார். ஆண்டவர் எந்த நாளில் இறந்தாரோ அதே நாளில்தான் கன்னிமரியின் வயிற்றில் கருவானார் என்ற நம்பிக்கையும் அக்காலக் கிறிஸ்தவரிடம் இருந்தது. புனித அகுஸ்தினாரும் அதைக் குறிப்பிடுகிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 25 வரும். கிழக்கில் சிலர் ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள். அதற்கு ஒன்பது மாதம் கழித்து சனவரி 6 வரும். அர்மேனியத் திருஅவை இன்றும் சனவரி 6இல்தான் ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடுகிறது. நாமும் மார்ச் 25 அன்றுதானே மங்கள வார்த்தைத் திருநாளைக் கொண்டாடுகிறோம்!

இந்த இரண்டு விளக்கங்களையும் அறிஞர்கள் இன்றும் எடைபோட்டு வருகிறார்கள். கைப்பேசிச் செய்தி சொல்வதுபோல விடயம் அவ்வளவு எளிதன்று என்பதை மட்டும் நாம் அறிந்துகொண்டால் போதும். ஆண்டவரின் பிறப்பு உண்மை. அது எந்தத் தேதியில் நிகழ்ந்தது என்பதை நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. தேதி நம் விசுவாசத்தின் பகுதியன்று. திருஅவை ஆண்டவரை நினைவுகூர ஒரு நாளைத் தேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மேய்ப்பர்களின் கவலை

அந்தக் கால ஆயர்களைக் கவலைப்படுத்தியது தேதி அன்று. அந்தத் தேதியில் தங்கள் மக்கள் என்ன செய்தார்கள் என்பதே அவர்களை உறுத்தியது.

ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை பெரிய லியோ தம் கிறிஸ்து பிறப்பு மறையுரையில் ஒன்றைச் சொல்லி வருந்துகிறார். புனித பேதுரு பேராலயத்துக்குத் திருப்பலிக்கு வருகிறவர்கள், படிக்கட்டுகளில் ஏறி முடித்ததும், வாயிலுக்குள் நுழையாமல் திரும்பி நின்று, எழுகின்ற சூரியனுக்குத் தலைவணங்குகிறார்களாம்! வந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பாதி அறியாமை, பாதி புறச்சமய மனப்பான்மை என்று லியோ அதைக் கண்டிக்கிறார். ஆனால் அதற்காக அவர் பெருவிழாவை நிறுத்திவிடவில்லை. விழா யாருக்கு என்பதை மக்களுக்குக் கற்பித்தார். அவருக்கு முன்பே அகுஸ்தினாரும் இதே வழியில் போதித்திருந்தார். நாம் இந்த நாளைக் கொண்டாடுவது சூரியனை முன்னிட்டு அல்ல, சூரியனைப் படைத்தவரை முன்னிட்டு என்பது அவர் போதனையின் சாரம்.

டிசம்பரை அடுத்து வந்த சனவரி முதல் நாள் இன்னும் பெரிய தலைவலியாக இருந்தது. உரோமையருக்கு அது புத்தாண்டுக் களியாட்டம். பரிசு, குடி, வேடம், நாடகம் எல்லாம் உண்டு. அகுஸ்தினார் அதைப் பற்றி மக்களுக்குச் சொன்ன ஆலோசனை எளிமையானது: அவர்கள் புத்தாண்டுப் பரிசு கொடுக்கட்டும், நீங்கள் ஏழைக்குத் தருமம் கொடுங்கள், அவர்கள் குடிக்கட்டும், நீங்கள் நோன்பிருங்கள். 567ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், புறச்சமயத்தாரின் புத்தாண்டுக் களியாட்டத்துக்கு மாற்றாக மூன்று நாள் செபத்துக்கும் நோன்புக்கும் வழிவகுத்தார்கள். இன்று நாம் சனவரி முதல் நாளை மரியா இறைவனின் தாய் என்ற பெருவிழாவாகக் கொண்டாடுகிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 முதல் அந்த நாளை உலக அமைதி நாளாகவும் ஆக்கினார்.

இந்த வரிசையில் நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஆயர் ஒருவர் உண்டு. இன்றைய துருக்கியில் இருக்கும் அமாசியா நகரின் ஆயர் அஸ்தேரியுஸ். 400ஆம் ஆண்டு சனவரி முதல் நாளையொட்டி அவர் ஆற்றிய மறையுரை நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த விழாவில் எந்தத் தெய்வத்தை வணங்குகிறார்கள் என்பதைவிட, அந்த விழா ஏழைகளை என்ன செய்கிறது என்பதுதான் அவரை வருத்துகிறது. பரிசு கொடுப்பது அன்பு என்கிறார்கள். ஆனால் சிறியவர் பெரியவருக்குக் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயமாக அது இருக்கிறது. இருப்பவரின் பை நிறைகிறது, இல்லாதவர் கடன்படுகிறார். சிறு பிள்ளைகள் வெள்ளித்தாள் சுற்றிய பழங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, இருமடங்காகத் திரும்ப வாங்கி, சின்ன வயதிலேயே பேராசை கற்கிறார்கள். அன்று கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் உழவர் கேலிக்கும் அடிக்கும் ஆளாகிறார். ஏழைக்குத் துயரமாக இருக்கும் நாளை எப்படித் திருநாள் என்பது? அஸ்தேரியுஸ் ஆயரின் மறையுரை முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

கிரகோரியாரின் இரண்டு கடிதங்கள்

இன்னும் இருநூறு ஆண்டுகள் கடந்து வருவோம். 596இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார், அகுஸ்தீன் என்ற துறவியின் தலைமையில் ஒரு துறவியர் குழுவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இவர் ஹிப்போ நகரின் அகுஸ்தினார் அல்லர். பின்னாளில் காண்டர்பரியின் முதல் பேராயர் ஆனவர். கெண்ட் நாட்டின் அரசர் எத்தல்பெர்ட் திருமுழுக்குப் பெற்றார். 601ஆம் ஆண்டில் கிரகோரியார் அந்த அரசருக்கு எழுதிய கடிதத்தில், சிலை வழிபாட்டை ஒழிக்கும்படியும் அதன் கோவில்களை இடித்துவிடும்படியும் அறிவுறுத்தினார்.

அதன் பிறகு அவர் ஆழ்ந்து யோசித்திருக்கிறார். அதே ஆண்டில், இங்கிலாந்துக்குப் பயணம் செய்துகொண்டிருந்த மெல்லித்துஸ் என்ற துறவிக்கு அவர் மற்றொரு கடிதம் அனுப்பினார். நெடுநாள் சிந்தித்தபின் இந்த முடிவுக்கு வந்ததாக அதில் சொல்கிறார். கோவில்களை இடிக்க வேண்டாம்; உள்ளே இருக்கும் சிலைகளை மட்டும் அகற்றுங்கள். தீர்த்தம் தெளித்து, பீடம் அமைத்து, புனிதர்களின் திருப்பண்டங்களை வையுங்கள். மக்கள் தாங்கள் பழகிய இடத்துக்கே வந்து மெய்யான கடவுளை வணங்கட்டும். அவர்கள் காளைகளைப் பலியிட்டு விழா எடுத்து வந்தவர்கள். ஆலய அர்ப்பணிப்பு நாளிலோ மறைச்சாட்சியின் நாளிலோ, ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டு, பேய்க்குப் படைப்பதற்காக இல்லாமல் தாங்கள் உண்பதற்காக அந்த விலங்குகளை அடித்து, கடவுளுக்கு நன்றி சொல்லி விருந்துண்ணட்டும். மலையுச்சிக்கு ஏறுகிறவர் படிப்படியாகத்தான் ஏறுவார், ஒரே தாவலில் தாவிவிட மாட்டார் என்று காரணமும் கூறினார்.

731இல் தம் வரலாற்று நூலை எழுதி முடித்த புனித பீட் இந்தக் கடிதத்தைப் பாதுகாத்து நமக்குத் தந்திருக்கிறார். அதே பீட் 725இல் எழுதிய மற்றொரு நூலில், ஆங்கிலேயர் ஏப்ரல் அளவிலான மாதத்தை 'யோஸ்தர்' என்ற பெண்தெய்வத்தின் பெயரால் அழைத்தனர் என்று குறிப்பிடுகிறார். ஆங்கிலத்தில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஈஸ்டர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இதைப் பிடித்துக்கொண்டு ஈஸ்டரே பெண்தெய்வ விழா என்று சிலர் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் கிறிஸ்தவராவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாஸ்காவை எந்த நாளில் கொண்டாடுவது என்று கீழைத்திருஅவையும் உரோமையும் விவாதித்துக்கொண்டிருந்தன. பாஸ்கா என்ற நம் சொல் இஸ்ரயேலரின் விடுதலை விழாவான பெசாக்கிலிருந்து வருகிறது. மாதத்தின் பெயர் ஒட்டிக்கொண்டதால் விழா மாறிவிடாது. சனிக்கிழமை திருமணம் செய்கிறவர் சனிபகவானை வணங்குகிறார் என்று நாம் சொல்வதுண்டா?

விழாவை ஒழித்துப் பார்த்தவர்கள்

கிறிஸ்துமஸ் வேண்டாம் என்ற குரல் புதிதன்று. இங்கிலாந்தில் பியூரிட்டன் என்ற சீர்திருத்தப் பிரிவினர் ஆட்சியில் செல்வாக்குப் பெற்றபோது, 1647ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகிய விழாக்களை ஒழித்து ஆணையிட்டது. அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: விவிலியத்தில் இந்த விழா இல்லை, மேலும் அன்று நடப்பது குடியும் சூதும்தான். அந்த டிசம்பரில் காண்டர்பரியில் கடைகளைத் திறந்துவைக்கச் சொன்னார்கள். திறந்த கடைகளை மக்கள் தாக்கினார்கள், கலவரம் மூண்டது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் விழாவும் திரும்பியது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதிக்கப்பட்டது. 1681இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1958 வரை டிசம்பர் 25 பொதுவிடுமுறை நாளே அன்று.

இவர்களை நாம் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். குடியைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் நோய்க்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலாக நோயாளியையே வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். கிரகோரியார் செய்தது அதற்கு மாறானது. பந்தலையும் விருந்தையும் விட்டுவைத்தார். யாருக்காக விருந்து என்பதை மாற்றினார்.

புனித பிரான்சிஸ் அசிசியாரும் அப்படித்தான். 1223இல் கிரேச்சோ என்ற சிற்றூரில் வைக்கோல் நிறைத்த தீவனத்தொட்டியையும் மாட்டையும் கழுதையையும் வைத்துப் பிறப்பு விழாவைக் கொண்டாடினார். இன்று நம் வீடுகளில் வைக்கும் குடில் அந்த மரபில் வந்தது. பிறப்பு விழா அன்று பணக்காரர் ஏழைகளுக்கு வயிறார உணவிட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட வழக்கத்தைவிட அதிகம் தீனி வைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதாக அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். குடில் கட்டுகிற நாம் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம்.

நவீன காலத்தின் கதையும் இதுவே. 1843இல் இலண்டனில் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் நடுவில் ஒரு குடும்பம் மதுக்கோப்பையை உயர்த்தி வாழ்த்துகிறது. அதன் இரு ஓரங்களிலும் பசித்தவருக்கு உணவும் ஆடையற்றவருக்கு உடையும் கொடுக்கிற படங்கள் இருக்கின்றன. பிறகு வந்த அட்டைகளில் ஓரத்துப் படங்கள் மெல்ல மறைந்துபோயின. விருந்து மட்டும் தங்கிவிட்டது. இன்று கடைவீதியில் நவம்பரிலேயே தொங்கும் நட்சத்திரங்களுக்குக் கீழே அந்த ஓரத்துப் படங்களை யாரும் தேடுவதில்லை.

நம் மண்ணில்

கிரகோரியார் எதிர்கொண்ட கேள்வி நம் ஊருக்கும் வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், தத்துவபோதகர் என்று நம் மக்கள் அழைத்தவர், இங்குள்ள பழக்கங்களில் சமயத்துக்குரியவை எவை, சமூகத்துக்குரியவை எவை என்று பிரித்துப் பார்த்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைப் புதுக்கிறிஸ்தவர் வைத்துக்கொள்ளலாமா என்பது பெரிய வழக்காகி உரோமை வரை போனது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கைகளை நீக்கிவிட்டு அவற்றை வைத்துக்கொள்ள இசைவு தந்தார். அதன்பின் காற்று திசைமாறியது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் கடும் கட்டுப்பாடுகளை உறுதிசெய்தார். அவற்றைக் கடைப்பிடிப்பதாக மறைபரப்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அந்த உறுதிமொழி 1940இல்தான் நீங்கியது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, மூடநம்பிக்கையோடு பிரிக்க முடியாதபடி பிணையாத எந்தப் பழக்கத்தையும் திருஅவை பரிவோடு ஆராயும் என்று கற்பித்தது. தை முதல் நாளில் ஆலய முற்றத்தில் புதுப்பானையில் பொங்கலிட்டு, விளைச்சலுக்காகப் படைத்தவருக்கு இன்று நாம் நன்றி சொல்கிறோம் என்றால், அதன் பின்னால் இவ்வளவு நீண்ட பாதை இருக்கிறது.

ஆனால் ஓர் உண்மையையும் நாம் மறைக்கக் கூடாது. மண்ணின் பழக்கம் என்று ஏற்றுக்கொண்டவற்றோடு சாதியும் உள்ளே வந்தது. ஆலயத்துக்குள் தனித்தனி இருக்கைகளும் கல்லறைத் தோட்டத்தில் பிரிவுச் சுவரும் நம் தமிழகத் திருஅவையின் வரலாற்றில் இருந்திருக்கின்றன. திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற சண்டை இன்றும் சில ஊர்களில் தீரவில்லை. சந்தனத்தையும் குடுமியையும் பற்றி நூறாண்டுக் கணக்கில் வாதாடிய நாம், விலக்கியே ஆகவேண்டியதை விலக்காமல் விட்டோம்.

இப்போது சாட்டர்னாலியாவின் பந்திக்குத் திரும்புவோம். கிறிஸ்துவை அறியாத உரோமையர் ஆண்டில் சில நாள்களாவது அடிமையையும் எசமானரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். நம் ஆண்டவரோ கடவுள் வடிவில் விளங்கியும், அடிமையின் வடிவை ஏற்று மனிதரானார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கூறுகிறார். அவர் விழா நாளுக்கு மட்டும் குல்லா மாற்றிக்கொள்ளவில்லை. பிறப்பு முதல் சிலுவை வரை அப்படியே இருந்தார். அவருடைய பிறப்பைக் கொண்டாடும் நம் பந்தியில் எல்லாருக்கும் இடமில்லை என்றால், நம் விழா உரோமையரின் விழாவைவிடச் சிறியதாகிவிடும். அப்படியொரு விழாவைக் கைப்பேசிச் செய்தி வந்து குறைசொல்ல வேண்டியதே இல்லை. கொரிந்து நகரில் ஆண்டவரின் விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் குடித்து மயங்கியதைப் பவுல் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை நாம் அறிவோம்.

ஆக, பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நம் பதில் இதுதான். ஒரு நாள் எங்கிருந்து வந்தது என்பது அந்த நாளின் உரிமையாளரை முடிவு செய்வதில்லை. சூரியனும் பருவங்களும் கடவுளின் படைப்பே. எந்தத் தெய்வத்துக்கும் டிசம்பர் மாதம் பட்டா எழுதிக் கொடுக்கப்படவில்லை. அந்த நாளில் நாம் யாரை வணங்குகிறோம், யாரை அருகில் அமர்த்துகிறோம் என்பதுதான் அது யாருடைய நாள் என்பதைக் காட்டும்.

கிறிஸ்துமஸ் கொண்டாட மறுக்கும் பிள்ளைகளிடம் சண்டை வேண்டாம். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல், ஒரு நாளைச் சிறப்பானதாகக் கருதுகிறவரும் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதுகிறவரும் ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம், இருவரும் ஆண்டவருக்காகவே செய்யட்டும் என்கிறார். டிசம்பரில் வர மனமில்லையென்றால் சனவரியில் வரட்டும். கதவு திறந்திருக்கட்டும். வரலாற்றைப் பொறுமையாகச் சொல்லுங்கள். சொல்லும்போது குரல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமும் நம் வீட்டில் சிலவற்றைச் சரிசெய்வோம். ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கைக்கு வரும்போது, துணிக்கடைக்குப் போகும் முன் அதில் ஒரு பங்கை ஏழைக்கென்று எடுத்துவைப்போம். வட்டிக்கு வாங்கிக் கொண்டாடும் கிறிஸ்துமஸ் வேண்டாம். பழைய உடையைத் துவைத்து உடுத்தித் திருப்பலிக்கு வந்தால் குழந்தை இயேசு நம்மைத் திருப்பி அனுப்பமாட்டார். நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் நேராக மதுப்புட்டியைத் தேடுகிற ஆண்கள், வீட்டில் விழித்திருக்கும் மனைவி மக்களை நினைத்துப் பார்க்கட்டும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சகோதரிக்கும், தெருவைக் கூட்டும் சகோதரருக்கும் கேக்கைப் பொட்டலமாகக் கட்டி வாசலில் நீட்டாமல், உள்ளே அழைத்து, நாம் உண்ணும் பந்தியில் நமக்கருகே இலை போடுவோம்.

தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட ஆண்டவர் உங்கள் வீட்டுப் பந்தியை ஆசீர்வதிப்பாராக.